மார்பகப் புற்றுநோய்: அறிக்கையிலுள்ள அந்த மூன்று வரிகள்

எங்கள் மஹல்லாவில், ஒரே தெருவில் வசிக்கும் இரு சகோதரிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இருவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இருவருக்கும் கீமோ கொடுக்கப்பட்டது. இருவருக்கும் தலைமுடி உதிர்ந்து மீண்டும் வளர்ந்தது. மூத்தவருக்கு அப்போது வயது 45, இளையவருக்கு 36. இளையவருக்கு வந்திருப்பது கடுமையான வகை என்று மருத்துவர் கூறிய செய்தி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அன்றிலிருந்து தெருவே அவரை விடைகொடுத்து அனுப்பும் கண்களோடு பார்க்கத் தொடங்கியது. மூத்தவரைப் பற்றியோ, "அவருக்கு லேசான வகைதான், மாத்திரையிலேயே அடங்கிவிடும்" என்று எல்லோரும் ஆறுதல் பேசினார்கள்.

எட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இளையவர் அல்ஹம்துலில்லாஹ் நலமாக இருக்கிறார். சென்ற ஆண்டு தம் மகளைக் கல்லூரியில் சேர்த்தார். ஆனாலும் வீட்டு விசேஷங்களில் அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வோர் இன்னும் இருக்கிறார்கள். மூத்தவர் மூன்றாம் ஆண்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏழாம் ஆண்டில் இடுப்பில் வலி கண்டது. தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்த வலி என்று தைலம் தேய்த்தார்கள். நான்கு மாதம் கழித்து எடுத்த படத்தில் நோய் எலும்பில் பரவியிருப்பது தெரிந்தது. இப்போது மீண்டும் சிகிச்சையில் இருக்கிறார். இருவருமே அனுமதி தந்தபின்பே இதை எழுதுகிறோம். ஊரும் பெயரும் இங்கே தேவையில்லை.

மாத்திரையை நிறுத்தியதால்தான் நோய் திரும்பியது என்று அறுதியிட்டுக் கூற எந்த மருத்துவராலும் இயலாது. ஒழுங்காக உட்கொண்டவர்களிலும் சிலருக்குத் திரும்பத்தான் செய்கிறது. ஆயினும் அவர் அதை நிறுத்தியபோது, தாம் எதை நிறுத்துகிறோம் என்பதை அறிந்திருக்கவில்லை. அவர் குடும்பமும் அறிந்திருக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர்களான நாமும் அறிந்திருக்கவில்லை. நம்மை எழுதத் தூண்டியது இதுதான்.

'மார்பகப் புற்றுநோய்' என்ற ஒற்றைப் பெயரின் கீழ் பல நோய்கள் இருக்கின்றன. அவை தோன்றும் இடம் ஒன்று. வளரும் விதமும், மருந்துக்குக் கட்டுப்படும் விதமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பி வரும் காலமும் வெவ்வேறு. 2000ஆம் ஆண்டில் சார்லஸ் பெரூ, தெரேஸ் சோர்லி முதலிய ஆய்வாளர்கள் மார்பகக் கட்டிகளின் மரபணுச் செயற்பாட்டை ஆராய்ந்து, அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரிக்க முடியும் என்று காட்டினார்கள். நடைமுறையில் நம் ஊர் மருத்துவமனைகளில் அந்த வேலையைச் செய்வது திசுப் பரிசோதனை அறிக்கையின் மூன்று வரிகள். ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பி.ஆர். என்பது புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி. மூன்றாவது ஹெர்-2 என்னும் புரதம்.

முதல் இரண்டில் ஒன்றேனும் 'பாசிட்டிவ்' என்றால், அந்தக் கட்டி பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனையே உணவாகக் கொண்டு வளர்கிறது என்று பொருள். உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு இந்த வகைதான். ஹெர்-2 அதிகமாக இருந்தால் கட்டி வேகமாக வளரும். ஆனால் அந்தப் புரதத்தையே குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஹெர்-2 வரியில் '2+' என்று எழுதியிருந்தால் அது தெளிவான விடை ஆகாது. ஃபிஷ் என்னும் மேற்பரிசோதனை செய்தாக வேண்டும். செலவைக் கருதி இதைத் தவிர்த்துவிடும் குடும்பங்கள் உண்டு, தவிர்க்கக் கூடாது. மூன்றுமே 'நெகட்டிவ்' என்றால் அது ட்ரிபிள் நெகட்டிவ். மேலை நாடுகளில் இது நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குக் காணப்படுகிறது. இந்தியாவில் வெளியான ஆய்வுகளில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்று வருகிறது. எங்கள் தெருவின் இளைய சகோதரிக்கு வந்தது இதுவே.

இந்த வகை கடுமையானது என்று சொல்லப்படுவது உண்மைதான். ஹார்மோன் மாத்திரையும் ஹெர்-2 ஊசியும் இதற்குப் பயன்படா. ஆனால் இந்த நோயின் கடுமைக்கு ஒரு காலவரையறை உண்டு என்பதை ஊர் அறிவதில்லை. டொராண்டோ நகர மருத்துவர்கள் 1,601 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரிபிள் நெகட்டிவ் நோய் தொலைவான உறுப்புகளில் திரும்பும் அபாயம் மூன்றாம் ஆண்டை ஒட்டி உச்சத்தை அடைந்து, பிறகு விரைவாகச் சரிவதைக் கண்டார்கள். ஐந்து ஆண்டுகளை நோயின்றிக் கடந்தவருக்கு, அதன்பின் அது திரும்புவது அரிது. அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்து, அறுவையின்போது எடுத்த திசுவில் புற்றணு எதுவும் எஞ்சவில்லை என்று வந்துவிட்டால் நம்பிக்கை மேலும் வலுக்கிறது. ஆக, எட்டாம் ஆண்டில் நிற்கும் அந்தச் சகோதரியை நோக்கி இன்னும் பெருமூச்சு விடுவோர், தாம் அறியாத ஒன்றுக்காகப் பெருமூச்சு விடுகிறார்கள். அவருடைய மகளுக்கு வரன் பார்க்கும் இடத்திலும் அந்தப் பெருமூச்சு கேட்கிறதாம். இதைவிட வருத்தம் தருவது வேறில்லை.

'லேசான வகை' என்று ஊர் சொன்ன ஹார்மோன் பாசிட்டிவ் நோயின் இயல்பு நேர்மாறானது. முதல் ஐந்து ஆண்டுகளில் இதன் அபாயம் குறைவு. ஆனால் அது தணிந்துபோவதே இல்லை. ஆண்டுக்குச் சிறிதளவாக இருபது ஆண்டுகள் வரை தொடர்ந்து வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்டு, உலகெங்கும் நடந்த சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராயும் குழு ஒன்று உண்டு. 88 சோதனைகளில் பங்கேற்ற 62,923 பெண்களின் விவரங்களை அக்குழு 2017இல் வெளியிட்டது. எல்லோரும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடைய நோய் கண்டவர்கள். ஐந்து ஆண்டு ஹார்மோன் சிகிச்சை முடிந்தபோது நோயின் சுவடே இல்லாதிருந்தவர்கள். ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரையிலான காலத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது? கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், அக்குளின் நிணநீர்க் கணுக்களில் நோய் பரவாமலும் இருந்தவர்களில் கூட நூற்றுக்கு 13 பேருக்கு நோய் வேறு உறுப்பில் திரும்பியது. ஒன்று முதல் மூன்று கணுக்களில் பரவியிருந்தவர்களில் அது 20. நான்கு முதல் ஒன்பது கணுக்கள் என்றால் 34. கட்டி அதைவிடப் பெரிதாக இருந்தவர்களுக்கு இவை முறையே 19, 26, 41.

இந்த எண்களைக் கண்டு யாரும் கலங்க வேண்டாம். அப்பெண்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்கள். இன்றைய மருந்துகள் மேம்பட்டவை. ஆகவே இன்றைய அபாயம் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்று அந்த ஆய்வாளர்களே கூறுகிறார்கள். மேலும் 13 என்பதன் மறுபக்கம் 87. ஆனால் ஒரு வழக்கத்தை இந்த எண்கள் அசைத்துப் பார்க்கின்றன. ஐந்து ஆண்டு முடிந்த அன்று ஃபாத்திஹா ஓதி, நேர்ச்சை நிறைவேற்றி, பிரியாணி ஆக்கி, மருத்துவக் கோப்பைப் பரணில் ஏற்றிவிடும் வழக்கத்தைச் சொல்கிறோம். நன்றி செலுத்துவது நல்லது. கோப்பைப் பரணில் ஏற்றுவதுதான் பிழை.

இனி மாத்திரையைப் பற்றி. இதன் வரலாறு சுவையானது. கருமுட்டைப் பையை அகற்றினால் சில பெண்களின் மார்பகக் கட்டி சுருங்குகிறது என்று கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896இலேயே எழுதினார். ஏன் சுருங்குகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. 1962இல் இங்கிலாந்தின் செஷயரில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் வேதியியல் அறிஞர் ஒரு பொருளை ஆக்கினார். கருத்தடைக்கென்று உருவாக்கிய மருந்து அது. அந்த வேலைக்கு அது உதவவில்லை. கைவிடப்பட்டிருக்க வேண்டிய அந்தப் பொருள்தான் டமாக்ஸிஃபென். புற்றணுவில் ஈஸ்ட்ரோஜன் வந்து அமரும் இடத்தில் தான் போய் அமர்ந்துகொண்டு வழியை அடைத்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற வேறு மாத்திரைகள் உள்ளன. அவை உடலில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே குறைக்கின்றன.

டமாக்ஸிஃபெனை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உட்கொண்டால், அந்த ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பும் விகிதம் ஏறக்குறைய பாதியாகிறது. மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம், முதல் பதினைந்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரையை முடித்த பின்னும் பல ஆண்டுகள் அதன் பயன் தொடர்கிறது என்பது இதில் வியப்புக்குரியது. அபாயம் மிகுந்த சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரை நீட்டிக்குமாறு இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். யாருக்கு நீட்டிக்கலாம் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். கீமோவைப் போலச் செலவு பிடிக்கும் மருந்தும் அன்று இது.

இவ்வளவு பயனுள்ள ஒன்றைப் பெண்கள் ஏன் நிறுத்துகிறார்கள்? இது நம் ஊரின் குறை மட்டுமன்று. அமெரிக்காவின் வடக்குக் கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துப் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், உரிய காலம் முழுவதும் ஒழுங்காக உட்கொண்டவர்கள் 49 விழுக்காட்டினரே. ஆனால் நம் வீடுகளில் நிறுத்துவதற்கு நமக்கே உரிய சில காரணங்கள் இருக்கின்றன. அவற்றை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

முதலாவது, அது தரும் தொல்லை. திடீரென்று உடல் முழுதும் அனல் பரவும். இரவில் வியர்த்து உறக்கம் கலையும். லெட்ரோசோல் வகை மாத்திரைகளில் மூட்டுவலி வரும். ருகூவுக்குக் குனிந்து நிமிர்வதே சிரமமாகிவிடும். மூத்த சகோதரி நம்மிடம் சொன்னார்: "நோய் இருந்தப்ப ஒரு வலியும் இல்ல. சுகமான பிறகு மாத்திரைதான் என்னை நோயாளி ஆக்குச்சு." இதைக் கேட்ட உறவினர் ஒருவர், உடம்பில் நோயே இல்லாதபோது புற்றுநோய் மாத்திரை எதற்கு என்றார். அத்தோடு முடிந்தது. மருத்துவரிடம் சென்று சொல்லியிருந்தால் மாத்திரையை மாற்றியிருக்கலாம், அனலைத் தணிக்க வேறு மருந்து தந்திருக்கலாம், மூட்டுவலிக்கு உடற்பயிற்சி சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வது. டமாக்ஸிஃபென் உட்கொள்ளும் இளம் பெண்களுக்கு மாதவிடாய் முறை தவறும். இடையிடையே உதிரம் தென்படும். இது ஹைளா, இஸ்திஹாளாவா, தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்ற குழப்பம் வருகிறது. வணக்கம் பாழாகிறதே என்ற வேதனையில் மாத்திரையையே நிறுத்திவிட்ட ஒரு பெண்ணை நாம் அறிவோம். யாரிடமும் கேட்க அவருக்கு நாணம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு நில்லாமல் வரும் உதிரப்போக்கைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் சென்று கேட்டார்கள் என்பதை நாம் ஹதீஸில் படிக்கிறோம். அதற்குக் கிடைத்த தெளிவான விடையால்தான் இஸ்திஹாளாவுடைய பெண் தொழுகையை விட வேண்டியதில்லை என்ற சட்டம் இன்று நம் கையில் இருக்கிறது. அந்தக் கேள்வியை ஆலிமாவிடம் கேட்கலாம். அதே உதிரப்போக்கை மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் டமாக்ஸிஃபென் அரிதாகக் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு மீண்டும் உதிரம் கண்டால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆலிமாவிடம் கேட்பதோடு நின்றுவிடுவதும், மருத்துவரிடம் சொல்வதோடு நின்றுவிடுவதும் பாதிப் பதில்தான்.

நோன்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இந்த மாத்திரைகள் பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளைதான். ஸஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ உட்கொள்ள மருத்துவர் நேரம் மாற்றித் தருவார். ரமளானுக்காக ஒரு மாதம் நிறுத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை.

மூன்றாவது, பிள்ளை ஆசை. முப்பதுகளில் நோய் வந்து, ஒரு குழந்தையோ அதுவும் இல்லாமலோ இருக்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். டமாக்ஸிஃபென் உட்கொள்ளும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது; கருவுக்குத் தீங்கு. ஐந்து ஆண்டு காத்திருந்தால் வயது போய்விடும். மாமியார் வீட்டில் கேள்வி தொடங்கிவிடும். கணவனுக்கும் தெரியாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இவர்களுக்கு ஒரு நற்செய்தி 2023இல் வந்தது. பல நாடுகளில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இளம் பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு வரை மாத்திரை உட்கொண்டபின், மருத்துவர் கண்காணிப்பில் அதை இரண்டு ஆண்டு வரை நிறுத்திவைத்துக் கருத்தரிக்க முயன்றார்கள். மூன்று ஆண்டு வரை பார்த்ததில் அவர்களுக்கு நோய் திரும்பும் விகிதம் கூடவில்லை. பெரும்பாலோருக்குக் குழந்தை பிறந்தது. நீண்ட கால முடிவுகள் இனித்தான் வர வேண்டும். ஆனாலும், மறைத்து நிறுத்துவதற்கும் சொல்லி நிறுத்திப் பிறகு தொடர்வதற்கும் உள்ள தொலைவை இது காட்டுகிறது.

நான்காவதைச் சொல்வதற்குத் தயக்கமாக இருக்கிறது, என்றாலும் சொல்கிறோம். 'அல்லாஹ் குணமாக்கிவிட்டான், இனியும் மருந்து தின்பது தவக்குலில் குறைவு' என்று ஒரு பேச்சு நம்மிடையே உலவுகிறது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபியின் உம்மத் நாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் தவக்குல் வைக்குமாறு கற்றுத்தந்ததும் அவர்களே. கட்டிய கயிறு மூன்று ஆண்டு பழையதாகிவிட்டது என்பதற்காக யாராவது அவிழ்த்துவிடுவார்களா? ஐயூப் (அலை) அவர்களின் பொறுமையைக் காட்டி நோயாளியை வாயடைக்கச் செய்வோரும் உண்டு. அந்த நபி தம் துன்பத்தைத் தம் இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டவர் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழக்கம் இருக்கிறது. நோயாளியின் கோப்பு நோயாளியின் கையில் இருப்பதில்லை. மூத்த சகோதரிக்குத் தம் ஈ.ஆர். என்ன, எத்தனை கணுக்களில் நோய் இருந்தது என்று எதுவும் தெரியாது. மருத்துவர் அவர் கணவரிடமும் தம்பியிடமும்தான் பேசியிருக்கிறார். "அவள் பயந்துவிடுவாள்" என்று அவர்கள் மறைத்துவிட்டார்கள். அன்பினால்தான் மறைத்தார்கள், ஐயமில்லை. ஆனால் அந்த மாத்திரையை ஐந்து ஆண்டுகள், அதாவது 1,800 நாட்களுக்கும் மேலாக, இரவுதோறும் விழுங்க வேண்டியவர் அவர் ஒருவரே. ஏனென்று தெரியாமல் ஒருவர் எத்தனை இரவு விழுங்குவார்? நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அது அவருடைய உடலைப் பற்றியது. அறிந்துகொள்ளும் உரிமை அவருக்கே முதலில் உண்டு என்பது நம் உறுதியான கருத்து. கணவர்மார்கள் இதற்காக நம்மீது கோபம் கொண்டாலும் பாதகமில்லை.

மறைப்பதற்கு இன்னொரு காரணம் பெண்மக்களின் திருமணம். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்த மரபணுக் கோளாறினால் உண்டாகிறது. இளம் வயதில் ட்ரிபிள் நெகட்டிவ் வந்தவருக்கு அதற்கான பரிசோதனை செய்ய மருத்துவர் சொல்வார். செய்வது மகளைக் காப்பதற்காக. மறைத்தால் மகளுக்குத்தான் இழப்பு.

கண்காணிப்பிலும் நாம் தலைகீழாக நடந்துகொள்கிறோம். மாத்திரையை விட்டுவிட்டு, ஆண்டுதோறும் கடன் வாங்கியாவது பெட் ஸ்கேன் எடுக்கும் குடும்பங்களைப் பார்க்கிறோம். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் உடல் முழுவதையும் படம் பிடிப்பதால் ஆயுள் நீள்வதாக நிரூபணம் ஆகவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம், குறித்த காலத்தில் மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, இவ்விரண்டும் போதும் என்பதே வழிகாட்டுதல். அறிகுறி வந்தால் கதை வேறு. சில வாரங்களாகத் தணியாத, இரவில் கூடும் எலும்பு வலி, விடாத இருமல், மூச்சிரைப்பு, காரணமின்றி மெலிவது, புதிதாக வந்த கடும் தலைவலி, தழும்பின் அருகிலோ அக்குளிலோ கட்டி. பத்தாம் ஆண்டானாலும் பதினைந்தாம் ஆண்டானாலும், இவற்றோடு செல்லும்போது "எனக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இடுப்பு வலிக்குச் சென்ற மூத்த சகோதரி அதைச் சொல்லவில்லை. பழைய கதை என்று நினைத்துவிட்டார்.

எலும்பில் பரவிய ஹார்மோன் பாசிட்டிவ் நோயோடு பல ஆண்டுகள் வாழ்வோர் இன்று உண்டு. மூத்த சகோதரியும் மாத்திரை உட்கொண்டு, எலும்புக்கான ஊசி போட்டுக்கொண்டு, மெல்ல நடமாடுகிறார். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். சென்ற மாதம் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது பழைய கோப்பைத் தாமே எடுத்துவந்து மடியில் விரித்தார். இளைய சகோதரி பக்கத்தில் அமர்ந்து, அந்த மூன்று வரிகள் எங்கே இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டினார். படித்து முடித்ததும் மூத்தவர் தம் மருமகளை அழைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துவரச் சொன்னார். தொழுகை விரிப்பு இருக்கும் அலமாரியில், மாத்திரைப் பெட்டிக்கு அடியில் அது இப்போது இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு அங்கேதான் அவர் முதலில் போகிறார்.